வடித்தெடுத்த பெட்ரோல்

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பெட்ரோல் எப்ப ஊத்தினீங்க?" என்பதுதான். அதற்குப் பதில் வரும்வரை மெஷினைத் தொட மாட்டேன். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். போன மழைக்காலத்தில் ஊற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் அதற்கும் முந்தைய ஒரு கல்யாணத்துக்கு. ஜென்செட் மூலையில் சும்மாதானே கிடந்தது, அதற்கு என்ன வரப்போகிறது என்கிற நினைப்பு. சும்மா கிடந்ததால்தான் வந்தது என்று நான் ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன்.

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கடை. ஜென்செட், புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின், காங்கிரீட் போடும்போது அதிர வைக்கிற வைப்ரேட்டர் என்று ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்ரோல் இன்ஜின் எது வந்தாலும் பார்ப்பேன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு நாங்கள் இருவரும் இங்கே வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதுவரை கடைக்கு ஆள் வைத்ததில்லை. என் வாய்க்கு எவனும் ஒரு வாரம் தங்க மாட்டான் என்று மனைவி சொல்வாள். அதில் தப்பொன்றும் இல்லை.

பெட்ரோலில் எத்தனாலை அதிகம் கலக்கத் தொடங்கிய பிறகு என் வாய் இன்னும் நீண்டுவிட்டது. கடை ஜன்னலில் ஒரு கண்ணாடி பாட்டில் வைத்திருக்கிறேன். வந்தவரின் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை அதில் பிடித்து, ரெண்டு மூடி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைப்பேன். சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் மட்டம், நான் விட்டதைவிட உயரமாக, தனியாகப் பிரிந்து நிற்கும். எத்தனால் தண்ணீரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது, மழைக்காலத்தில் ஈரக் காற்றைக் குடித்து உங்கள் டேங்க்குக்குள்ளும் இதுதான் நடக்கிறது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற ஊசித்துளையில், அந்த ஜெட்டில், பச்சையாகப் படிந்திருப்பது அதன் வேலைதான் என்று காட்டுவேன். வாத்தியார் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் என்று எனக்கே ஒரு மண்டைக்கனம்.

ஒருமுறை சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் ஜென்செட்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணா, நாளைக்கு நாமகரணம் ஆர்டர். கயிறு இழுத்து இழுத்து தோளே கழண்டு போச்சு. ஸ்வல்ப பாருங்கண்ணா."

மூடியைத் திறந்து முகர்ந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது பெட்ரோலாய்யா? வார்னிஷ். நீ பண்ற சாம்பார் ஒரு நாள் தாண்டினா யாருக்காச்சும் ஊத்துவியா? இத மட்டும் இதுக்கு ஊத்துவியா?"

அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் டேங்க்கை முழுதாக வடித்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை மெல்லிய கம்பியால் குத்திக் காற்றடித்து, பம்ப்பிலிருந்து அப்போதுதான் பிடித்துவந்த பெட்ரோலை ஊற்றினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது. வேலை முடிந்ததும் பெட்ரோல் வாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கிற வரை ஓடவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

"அந்தப் பழைய பெட்ரோல என்ன பண்ணுவீங்க? சாக்கடைல ஊத்திடட்டுமா?" என்று போகும்போது அவர் கேட்டார்.

"சாக்கடைலயா? அறிவில்ல? வை அத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்படி நான் பார்த்துக்கொண்டதெல்லாம் ஒரு வெள்ளைக் கேனில் சேரும். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அந்தக் கேன் என்னோடு வீட்டுக்கு வரும். எங்கள் தொழிலில் யாரும் இதைக் கொட்ட மாட்டார்கள். கொட்டினால் மனசு கேட்காது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் வீடுகள் எல்லாவற்றிலும் அப்போது இதுதான் வழக்கம்: இன்ஜினிலிருந்து வடித்தது வெந்நீர் அடுப்புக்கு.

எங்கள் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஷீட் போட்ட வீடு. பின்பக்கம் குளிக்கிற அறை, அதன் ஒரு மூலையில் மண் வைத்துக் கட்டிய அடுப்பின்மேல் பெரிய செம்பு அண்டா. இந்த ஊர்க்காரர்கள் ஹண்டே என்பார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். விறகு போடும் வாயும் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. புகை போவதற்கு மேலே இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். விறகு என்று தனியாக வாங்கியதில்லை. பக்கத்துத் தொழிற்சாலைகளில் மெஷின் வந்திறங்கும் பெட்டிகளின் பலகை, ஒட்டுப்பலகைத் துண்டு, பெயின்ட் அடித்த சட்டம் எல்லாம் சும்மா கிடைக்கும். சுவரோரம் குவித்து வைத்திருப்போம். மழை வந்தால் நனையும். நனைந்த பலகை லேசில் பற்றாது. அதற்குத்தான் கேன்.

மனைவி அதில் கெட்டிக்காரி. கிழிந்த பனியன் துண்டைப் பலகைக்கடியில் செருகி, ஒரு தகர மூடியில் அளந்து பெட்ரோலை ஊற்றி, கேனை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு குச்சியைக் கிழித்து எறிவாள். பக்கென்று ஒரு சத்தம். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, பலகை பிடித்துக்கொள்ளும்வரை ஊதுகுழலால் ஊதுவாள். கேனில் என்ன வந்திருக்கிறது என்பதும் அவளுக்கு எரிகிற விதத்திலேயே தெரிந்துவிடும். "இன்னிக்கு நின்னு எரியுது. ஆயில் கலந்ததுங்களா?" என்பாள். புல் வெட்டும் மெஷினிலிருந்து வடித்த ஆயில் கலந்த பெட்ரோலாகத்தான் இருக்கும். என் பெண்டாட்டிக்கும் தொழில் தெரிகிறது என்று நான் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை தீ எட்டி ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கிவிட்டது. அதற்கும் சிரித்தேன். புருவம் முளைக்கும்வரை அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

வெந்நீர் எனக்குத்தான். கிரீஸும் கரியும் பச்சைத் தண்ணீரில் போகாது. கொதிக்கக் கொதிக்க வேண்டும், அதுவும் நான் வீட்டுக்குள் நுழையும்போது தயாராக இருக்க வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு நாள், தனக்கு வெந்நீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யூனிபார்மில் பெட்ரோல் வாசனை வருகிறதென்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாளாம். அதன்பின் மார்கழிக் குளிரிலும் தெருக்குழாய்த் தண்ணீரில்தான் குளித்தாள். ரோஷக்காரி என்று நான் மெச்சிக்கொண்டேன். அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும், ஒரு கீசர் வாங்கிப் போடுங்கப்பா என்று வரும்போதெல்லாம் சொன்னாள். இந்த வீட்டு ஒயரிங் தாங்காது என்றேன். தாங்குகிற மாதிரி மாற்றுவது எனக்கு ஒரு நாள் வேலை.

மனைவிக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது வீட்டுச் சத்தங்களில் ஒன்றாக இருந்தது. பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் சொன்னோம். பிறகு மெட்ரோ வேலைத் தூசி என்றோம். எங்காவது மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறினாள். அப்புறம் கடைக்குப் போகிற வழியிலும் யாரிடமாவது பேசுகிற சாக்கில் நிற்க ஆரம்பித்தாள். பேச ஆள் இல்லாதபோது செருப்பைச் சரிசெய்வாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரல் பார்க்கிற டாக்டரம்மா. சின்ன வயசு, பொறுமையானவர். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். அவள் ஊதியது போதவில்லை.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்லீங்க" என்றாள்.

"விறகு அடுப்பு இருக்கா?"

"இல்ல டாக்டரம்மா, கேஸ்தான். வந்ததுலருந்து கேஸ்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. சமையலைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். குளிக்கிற அறையில் எரிவதை எங்கள் வீட்டில் யாரும் அடுப்புக் கணக்கில் சேர்த்ததில்லை. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னம்மா, புடவைல பெட்ரோல் வாசனை வருது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ ஓடத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய அதே நொடியில் வாய் முந்திக்கொண்டது.

"கடை வாசனை மேடம். நான் பெட்ரோல் மெக்கானிக். என் துணியோட சேத்துத் துவைக்கிறா, அதான்."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் நிற்க வைத்துத் திட்டியவன், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் திட்டு வாங்கப் பயந்தேன்.

அன்று சாயங்காலம் நான் கடை திறக்கவில்லை. மனைவி வழக்கம்போல ஹண்டே பற்ற வைக்கப் போனாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லாமல் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். பக்கென்ற சத்தத்துக்குப் பிறகு கதவு வழியாகக் கறுப்பாகப் புகை வந்தது. பெட்ரோல் தீர்ந்ததும் அது வெள்ளையாகி, கெட்டியாக, நகராமல் அறைக்குள்ளேயே நின்றது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை. வெள்ளை என்றால் கட்டையில் தண்ணீர். கடையில் ஓர் இன்ஜின் இப்படிப் புகைத்தால் அப்போதே நிறுத்திவிடுவேன். அந்த வெள்ளைக்குள்ளே அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுவது தெரிந்தது. ஊதுவதும் இருமுவதுமாக மாறி மாறிக் கேட்டது. கூரை ஷீட்டின் அடிப்பக்கம் தார் பூசியதுபோல் மினுங்கியது. இத்தனை வருஷம் அதன் கீழே நின்றுதான் நான் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்திருக்கிறேன்.

மறுநாளே சிவாஜிநகருக்குப் போய், குஜிரியில் பழைய இரும்பு விற்கிற கடைகளில் தேடி, ஒரு கம்பித் தட்டும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் குழாயும் வாங்கிவந்தேன். அடுப்பு வாயை உள்பக்கம் அடைத்து, வெளிச்சுவர்ப் பக்கம் திறந்தேன். கம்பித் தட்டைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கட்டை அதன்மேல் நிற்கிற மாதிரியும் காற்று அடியிலிருந்து ஏறுகிற மாதிரியும் செய்தேன். தீ நுனி எரிகிற உயரத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு அங்கேயும் காற்று போக வழி வைத்தேன். குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனேன். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. மரக்கடையிலிருந்து சவுக்குக் கட்டை வாங்கி, விரல் பருமனுக்குப் பிளந்து, மழை படாமல் ஷீட்டுக்கடியில் காய வைத்தேன். அதற்குத்தான் நாள் பிடித்தது. அதுவரை கேஸில் வெந்நீர் வைத்துக் குளித்தேன். அதுவும் இத்தனை வருஷமாக முடியாத காரியம் அல்ல.

கட்டை நன்றாகக் காய்ந்து, ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று சத்தம் வந்த பிறகு அடுக்கினேன். பெட்ரோல் இல்லை. தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் வைத்து மேலிருந்து பற்றவைத்தேன். முதலில் கொஞ்சம் புகைந்தது. குழாய் சூடானதும் காற்றை இழுக்க ஆரம்பித்து, தீ உறுமிக்கொண்டு எழுந்தது. வெளியே ஓடிவந்து மேலே பார்த்தேன். குழாய் வாயில் புகையே இல்லை. அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் சூட்டில் நெளிந்து தெரிந்தது. எனக்கு ஒரு பழைய இன்ஜினை ஓட்டிவிட்ட சந்தோஷம். வெட்கமில்லாமல் அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தா, இங்க வந்து பாரு."

மெதுவாக வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், பிறகு தீயைப் பார்த்தாள். குளிக்கிற அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் அண்டாவும் அதில் சூடாகும் தண்ணீரும்தான். வெகுநேரம் நின்றாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்பத்தான் யோசன வந்துச்சு."

"காஞ்ச கட்ட, காத்து. அவ்ளோதானே? இதத்தானே தினம் கடைல எல்லாருக்கும் சொல்றீங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அந்த வெந்நீரில் நான் குளிக்கவில்லை. அவளும் குளிக்கவில்லை. தீ தானாக அணைந்தது.

புகை நின்றால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடும் என்று நான் நம்பினேன். சுத்தம் செய்து மாட்டினால் இழுத்ததும் ஓடுகிற இன்ஜின்களோடு பழகியவன் வேறு எப்படி நம்புவான்? அவள் தேறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு சளிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பும்போது கூடவே காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கிற மெஷினும் வந்தது. மூக்கில் குழாய். கரண்ட் போனால் அது நின்றுவிடும் என்பதால் வாசலில் ஒரு ஜென்செட் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பேன். பெங்களூரில் இதைவிடச் சுத்தமான ஜென்செட் இருக்காது.

பிறகு மாதாந்திரச் செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சிகரெட் இல்லை, விறகடுப்பு இல்லை, பஞ்சு மில்லில் வேலை பார்த்ததில்லை, அப்புறம் ஏன் இவ்வளவு சேதம் என்று அவருக்குப் புரியவில்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்து, சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால் காரணம் தெரியலாம், இவர் இருக்கிற நிலையில் அதிலும் ஆபத்து உண்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பினார். ஆட்டோவில் என் மடியில், வெளியே போகும்போது மட்டும் எடுத்துப்போகிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள், "எனக்குப் பயமா இருக்குது. அந்தக் குழா வேணாம்."

"வேணாம்னு சொல்லிடலாம்."

"ஏன் வேணாம்னு கேப்பாங்க. அத நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

நான் மறைக்கிறேன் என்பது அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புடவை வாசனையைப் பற்றி நான் சொன்ன நாளிலிருந்தே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் என் துணியை நானே தனியாகத் துவைப்பேன், அவள் புடவையோடு சேர்ந்ததே இல்லை. அத்தனை தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்லாமலே இருந்திருந்தால், பயந்துகொண்டே போய்ப் படுத்துக் குழாயையும் விட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிப்பட்டவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் சொன்னேன். ஹண்டேயைச் சொன்னேன், மூடிய அறையைச் சொன்னேன், ஒட்டுப்பலகையையும் பெயின்ட் அடித்த சட்டத்தையும் சொன்னேன். கேனையும் சொன்னேன். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே எழுதினார்.

"எத்தன வருஷம்?"

மனைவிதான் சொன்னாள். "இருபத்தஞ்சு. கல்யாணமாகி வந்த மொத வாரத்துலருந்து."

அப்படியென்றால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்றார் டாக்டரம்மா. மனைவி கண்ணை மூடித் திறந்தாள். போன நுரையீரல் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றும் சொன்னார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில், உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அது கெட்டுப்போன பெட்ரோல்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா? அப்புறம் ஏன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

கடையில் யார் கேட்டாலும் சொல்கிற அதே வேகத்தில் பதில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அத இன்ஜின்ல ஊத்தக் கூடாது மேடம். ஊத்தினா உள்ள எல்லாம் அடைச்சிட்டு இன்ஜின் போயிடும்."

அவர் பேனா அப்படியே நின்றது. மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதையும் எழுதிக்குங்க டாக்டரம்மா" என்றாள்.